ஒன்றா, பலவா? – ஆங்கிலப் பன்மை அறிவோம்

1956-ஆம் ஆண்டின் ஆட்சிமொழிச் சட்டத்தால் தமிழ் நம் மாநிலத்தின் ஆட்சிமொழியாயிற்று. எனினும் வங்கிக் கடன் பத்திரம், காப்பீட்டுப் படிவம், பம்பு செட்டுடன் வரும் விளக்கத்தாள் ஆகியவற்றில் ஆங்கிலம் இன்றும் நம்மை எதிர்கொள்கிறது. அம்மொழி முழுவதையும் கற்பது எல்லோர்க்கும் இயலாது. ஆயினும், ஒரு சொல் ஒருமையா, பன்மையா எனக் கண்டுகொள்ளுதல் அரிதன்று. அதனால் வரும் பயனோ பெரிது.

ஊராட்சிக்கு வரும் ஆங்கில ஆணையொன்றில் ‘ஹேண்ட்பம்ப்’ என்றிருந்தால் பழுது பார்க்க வேண்டியது ஒரு கைப்பம்பு. ‘ஹேண்ட்பம்ப்ஸ்’ என்றிருந்தால் பல. இறுதியில் நிற்கும் ஓர் எழுத்தே வேலையின் அளவையும் செலவையும் மாற்றிவிடுகிறது. படிவங்களில் ‘விண்ணப்பதாரர்’ என்னும் பொருளுள்ள ஆங்கிலச் சொல்லின் பின் அடைப்புக்குறிக்குள் ‘எஸ்’ என்னும் எழுத்தைக் காணலாம். ஒருவராயினும், பலராயினும் அப்படிவம் பொருந்தும் என்பதே அதன் கருத்து.

தமிழில் ‘பத்து மாடு’ எனினும், ‘பத்து மாடுகள்’ எனினும் குற்றமில்லை. ‘மாடு மேய்ந்தது’, ‘மாடு மேய்ந்தன’ என வினைச்சொல்லே எண்ணிக்கையைக் காட்டிவிடும். இத்தகைய சொல்லைப் பால்பகா அஃறிணைப் பெயர் என்பர் இலக்கண நூலார். ஆங்கிலத்திலோ, எண் முன்னே நின்றாலும், பெயர்ச்சொல் பெரும்பாலும் உருமாறியே ஆகவேண்டும். ‘ஒன் கௌ’ என்பது ஒரு பசு. பத்தானால் ‘டென் கௌஸ்’.

பொது விதி எளியது: சொல்லின் இறுதியில் ‘எஸ்’ சேர்த்தால் போதும். சீட் – சீட்ஸ் (விதைகள்), பைப் – பைப்ஸ் (குழாய்கள்), கோட் – கோட்ஸ் (வெள்ளாடுகள்).

‘கள்’ சேரும்போது மரம் ‘மரங்கள்’ என்றும், கல் ‘கற்கள்’ என்றும் திரிவதை நாம் அறிவோம். ஆங்கிலத்திலும் சொல்லின் ஈற்றைப் பொறுத்துச் சில மாறுதல்கள் உண்டு.

முதலாவது, ‘ஸ்’, ‘ஷ்’, ‘ச்’ போன்ற ஓசையில் முடியும் சொல்லோடு ‘எஸ்’ மட்டும் சேர்ந்தால் ஒலிப்பது கடினம். ஆகவே, ‘இ’, ‘எஸ்’ என்னும் இரண்டெழுத்துக்களைச் சேர்ப்பர். பஸ் – பஸ்ஸஸ், பாக்ஸ் – பாக்ஸஸ் (பெட்டிகள்), பிராஞ்ச் – பிராஞ்சஸ் (கிளைகள்).

இரண்டாவது, ‘ஒய்’ எழுத்தில் முடியும் சொல்லில் அதற்கு முன் மெய்யெழுத்து நின்றால், ‘ஒய்’ நீங்கி ‘ஐ’, ‘இ’, ‘எஸ்’ வரும். விதை இரகத்தைக் குறிக்கும் ‘வெரைட்டி’, ‘வெரைட்டீஸ்’ ஆவது இவ்வாறே. முன்னே உயிரெழுத்து நின்றால் மாறுதல் இல்லை: சர்வே – சர்வேஸ்.

மூன்றாவது, ‘எஃப்’ ஒலியில் முடியும் சில சொற்களில் அவ்வொலி ‘வ்’ ஆகத் திரியும். லீஃப் (இலை) – லீவ்ஸ், காஃப் (கன்று) – காவ்ஸ். ஆனால், சான்று எனப் பொருள்படும் ‘புரூஃப்’, ‘புரூஃப்ஸ்’ என்றே நிற்கும்.

இவ்விதிகளுக்கு அடங்காத பழஞ்சொற்கள் சிலவே. அவற்றை மனத்தில் இருத்திக்கொள்ளுதல் நலம். மேன் – மென் (ஆண்கள்), சைல்ட் – சில்ட்ரன் (குழந்தைகள்), ஃபுட் – ஃபீட் (அடிகள்), ஆக்ஸ் – ஆக்ஸன் (எருதுகள்). ‘சில்ட்ரன்’ என்பதே பன்மையாதலின் ‘சில்ட்ரன்ஸ்’ எனப் பலர் வழங்குவது பிழை. செம்மறியாட்டைக் குறிக்கும் ‘ஷீப்’ ஒருமையிலும் பன்மையிலும் ஒன்றே. ‘கேட்டில்’ என்னும் சொல் ‘எஸ்’ இன்றியே மாடுகள் பலவற்றைக் குறிக்கும்.

நீர், பால், அரிசி, மணல், சிமெண்ட் முதலியவற்றை நாம் எண்ணுவதில்லை, அளக்கிறோம். இவற்றைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்கள் இப்பொருளில் பன்மை ஏற்பதில்லை; அளவைச் சொல்லே ஏற்கும். இரண்டு மூட்டை சிமெண்ட் என்பதை ‘டூ பேக்ஸ் ஆஃப் சிமெண்ட்’ என எழுதுதல் வேண்டும். கருவிகளைக் குறிக்கும் ‘எக்விப்மென்ட்’ என்னும் சொல்லும் ‘எஸ்’ ஏற்பதில்லை. கிலோகிராமைக் குறிக்கும் ‘கே’, ‘ஜி’ என்னும் குறியீடும் அத்தகையதே. அளவு 1 ஆயினும் 50 ஆயினும் அது மாறாது.

உரமூட்டையின் மேலுள்ள எழுத்து, கடை இரசீது, பூச்சிமருந்துப் புட்டியின் சீட்டு ஆகியவையே இதற்குத் தக்க பாடப்புத்தகங்கள். நாளைக்கு ஐந்து சொற்களைப் பிள்ளைகளோடு அமர்ந்து படித்து வந்தால் சில வாரங்களில் பழக்கம் கைகூடும். ஆங்கிலப் பத்திரம் எதிலும் கையொப்பமிடுமுன், நம் கடமையைக் கூறும் இடங்களில் ஒருமையா, பன்மையா என்று நோக்குவோம். ஐயம் எழுந்தால், எத்தனை என்பதை எண்ணாலும் எழுத்தாலும் குறித்துத் தருமாறு கேட்போம். அவ்வாறு கேட்பது நம் உரிமை. ஊரின் பொதுப்பணத்தைக் காக்கும் பொறுப்பில் உள்ளவர்களுக்கு அது கடமையுமாகும்.