மூச்சே மருந்து, மூச்சே அளவுகோல்: சுவாச மயக்க மருந்துகள் உடலில் செயல்படுவது எப்படி?

கொச்சி: மாத்திரையாகவோ ஊசி வழியாகவோ தரப்படும் மருந்துகளை உடலிலிருந்து அகற்றும் பொறுப்பு பெரும்பாலும் கல்லீரலுக்கும் சிறுநீரகத்துக்கும் உரியது. அறுவை சிகிச்சையின்போது முகமூடி அல்லது குழாய் வழியே தரப்படும் மயக்க மருந்துகள் இதற்கு விதிவிலக்கு. அவை ஆவியாக நுரையீரலுக்குள் சென்று, பெரும்பகுதி மாற்றமின்றி ஆவியாகவே வெளியேறுகின்றன. இந்த ஒரு தன்மையே அவற்றின் அளவைத் தீர்மானிக்கவும், நோயாளியைப் பாதுகாப்பாகக் கண்விழிக்கச் செய்யவும் மருத்துவர்களுக்குத் துணைபுரிகிறது.

கொச்சியின் மட்டாஞ்சேரியில் மகளிர் மற்றும் குழந்தைகளுக்கான அரசு மருத்துவமனை இயங்கி வருகிறது. அங்கு சிகிச்சை பெறும் அவ்விரு பிரிவினரும் இம்மருந்துகளின் அளவில் தனிக் கவனம் தேவைப்படுபவர்கள் என்பதால், இந்த அறிவியலைப் பொதுமக்களும் அறிந்திருப்பது பயனளிக்கும்.

மருந்து மூளையை அடைவது எப்படி?

செவோஃப்ளூரேன், ஐசோஃப்ளூரேன், டெஸ்ஃப்ளூரேன் ஆகிய மூன்றும் இன்று பரவலாகப் பயன்படும் ஆவி மருந்துகள். நைட்ரஸ் ஆக்சைடு வாயுவும் இவற்றுடன் சேர்த்துத் தரப்படுவதுண்டு. ஆவியாக்கி என்னும் கருவி, திரவ மருந்தை ஆவியாக்கி ஆக்சிஜனுடன் கலந்து அனுப்புகிறது. மூச்சுடன் நுரையீரலின் காற்று நுண்ணறைகளை அடையும் மருந்து, அங்கிருந்து ரத்தத்துக்கும், ரத்தத்திலிருந்து மூளைக்கும் செல்கிறது.

மயக்கத்தை உண்டாக்குவது ரத்தத்தில் கரைந்துள்ள மருந்தின் மொத்த அளவு அன்று. மூளையில் அம்மருந்து ஏற்படுத்தும் பகுதி அழுத்தமே. குடத்தையும் அண்டாவையும் ஒரே அளவில் நீர் வரும் குழாய்களின் கீழ் வைத்தால், குடத்தில் நீர்மட்டம் விரைவாக உயரும். அண்டாவில் மெதுவாகவே உயரும். பகுதி அழுத்தம் என்பது நீர்மட்டம் போன்றது. ரத்தத்தில் அதிகம் கரையும் மருந்துக்கு ரத்தம் அண்டாவாகிறது. குறைவாகக் கரையும் மருந்துக்கு அது குடமாகிறது.

ரத்தத்துக்கும் காற்றுக்கும் இடையே மருந்து பங்கிடப்படும் விகிதம் இதற்கான அளவீடு. டெஸ்ஃப்ளூரேனுக்கு இது சுமார் 0.45, செவோஃப்ளூரேனுக்கு 0.65, ஐசோஃப்ளூரேனுக்கு 1.4, பழைய மருந்தான ஈதருக்கு 12. ஈதர் கொடுக்கப்பட்ட காலத்தில் நோயாளி மயங்கவும் தெளியவும் நெடுநேரமானது இதனால்தான்.

அச்சமுற்றவரும் அதிர்ச்சியுற்றவரும்

மருந்து ஏறும் வேகம் நோயாளியின் உடல்நிலையையும் சார்ந்தது. அச்சத்தால் இதயம் வேகமாகத் துடிக்கும் ஒருவரின் நுரையீரலிலிருந்து அதிக ரத்தம் மருந்தை அள்ளிச் செல்வதால், நுண்ணறைகளில் அழுத்தம் உயரத் தாமதமாகும். மாறாக, பெருமளவு ரத்தம் இழந்து அதிர்ச்சி நிலையில் உள்ளவருக்கு ரத்த ஓட்டம் குறைந்திருப்பதால் அழுத்தம் மிக விரைவாக உயரும். வழக்கமான செறிவே அவருக்கு மிகையாகிவிடக்கூடும்.

குழந்தைகளுக்கு உடல் எடையை நோக்க மூச்சின் அளவு அதிகம். ஆகவே அவர்கள் பெரியவர்களைவிட விரைவில் மயங்குகின்றனர். ஊசிக்கு அஞ்சும் குழந்தைக்கு முகமூடி வழியே செவோஃப்ளூரேன் தருவது வழக்கம். அதன் மணம் மூச்சுப்பாதையை உறுத்துவதில்லை. டெஸ்ஃப்ளூரேனோ இருமலையும் குரல்வளை இறுக்கத்தையும் தூண்டக்கூடியது என்பதால் இதற்கு ஏற்றதல்ல.

அளவை நிர்ணயிப்பது எப்படி?

அமெரிக்க மருத்துவர் எட்மண்ட் ஈகர் உள்ளிட்டோர் 1960களில் உருவாக்கிய ‘மேக்’ என்னும் அளவுகோலே இன்றும் பின்பற்றப்படுகிறது. தோலில் கத்தி படும்போது நூறு பேரில் 50 பேர் உடலை அசைக்காமல் இருக்கத் தேவையான, நுண்ணறையில் உள்ள குறைந்தபட்சச் செறிவே ‘மேக்’. ஐசோஃப்ளூரேனுக்கு இது ஏறத்தாழ 1.15 விழுக்காடு, செவோஃப்ளூரேனுக்கு 2, டெஸ்ஃப்ளூரேனுக்கு 6. நைட்ரஸ் ஆக்சைடுக்கு 104 என்பதால், சாதாரண வளிமண்டல அழுத்தத்தில் அதை மட்டும் கொண்டு முழு மயக்கம் அளிக்க இயலாது.

இந்த எண் அனைவருக்கும் ஒன்றல்ல. செவோஃப்ளூரேனின் ‘மேக்’ பச்சிளங் குழந்தைக்கு 3.3 விழுக்காடு, 40 வயதினருக்கு சுமார் 2, 80 வயதினருக்கு 1.4. கர்ப்பிணிகளுக்குத் தேவை ஏறக்குறைய 30 விழுக்காடு குறைகிறது. மேலும் இம்மருந்துகள் கருப்பையைத் தளரச் செய்து ரத்தப்போக்கை அதிகரிக்கக்கூடியவை. சிசேரியன் அறுவை சிகிச்சைக்கு முதுகுத் தண்டுவட ஊசி பெரிதும் விரும்பப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஊரின் அமைவிடமும் கணக்கில் சேர்கிறது. டெஸ்ஃப்ளூரேனின் கொதிநிலை 22.8 டிகிரி செல்சியஸ். பகல் வெப்பம் 30 டிகிரியை ஒட்டியிருக்கும் கொச்சியில், குளிரூட்டப்படாத அறையில் அது தானே கொதித்துவிடும். எனவே அம்மருந்தை 39 டிகிரிக்குச் சூடாக்கி, அழுத்தத்தில் வைத்து அளந்து விடும் தனி ஆவியாக்கி பயன்படுத்தப்படுகிறது. கடல்மட்டத்தில் உள்ள கொச்சியை ஒப்பிட, சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் உள்ள உதகமண்டலத்தில் வளிமண்டல அழுத்தம் ஏறத்தாழ முக்கால் பங்கே. அங்கு இந்த ஆவியாக்கி காட்டும் அதே விழுக்காடு மூளைக்குக் குறைந்த அழுத்தத்தையே தரும். செறிவைக் கூட்டி வைக்க வேண்டியிருக்கும்.

ஐதராபாத்தில் எழுந்த கேள்வி

இத்தகைய அளவீடு இல்லாத காலத்தில் மருத்துவர்கள் எதை நம்பினர் என்பதற்கு இந்தியாவிலேயே சான்று உண்டு. அமெரிக்காவின் பாஸ்டனில் 1846 அக்டோபர் 16 அன்று ஈதர் மயக்கம் பொதுவெளியில் செய்து காட்டப்பட்டது. ஐந்து மாதங்களில், 1847 மார்ச் 22 அன்று, கல்கத்தாவில் அது பயன்படுத்தப்பட்டது. அதே ஆண்டு அறிமுகமான குளோரோஃபார்ம், ஈதரைவிட எளிதாக இருந்ததால் விரைவில் பரவியது. ஆனால் 1848 ஜனவரியிலேயே இங்கிலாந்தில் 15 வயதுச் சிறுமி ஒருவர் அதனால் உயிரிழந்தார்.

குளோரோஃபார்ம் முதலில் நிறுத்துவது மூச்சையா, இதயத்தையா என்ற விவாதம் பல ஆண்டுகள் நீடித்தது. ஐதராபாத்தில் பணியாற்றிய அறுவை மருத்துவர் எட்வர்ட் லாரி, மூச்சைக் கவனித்தால் போதும் என்று வாதிட்டார். நிஜாமின் ஆதரவுடன் 1888, 1889 ஆகிய ஆண்டுகளில் இரு ஆணையங்கள் விலங்குகளிடம் சோதனைகள் நடத்தின. ‘தி லான்செட்’ இதழின் சார்பில் லண்டனிலிருந்து வந்த லாடர் பிரன்டனும் ஐயத்தைக் கைவிட்டு லாரியின் முடிவை ஏற்றார்.

அந்த முடிவு முழுமையானதல்ல என்பது பின்னர் தெளிவாயிற்று. மயக்கம் ஆழமில்லாத நிலையிலும் குளோரோஃபார்ம் இதயத்தின் கீழறைகளைத் தாறுமாறாகத் துடிக்கச் செய்து உயிரைப் பறிக்க முடியும் என்பதை 1911இல் குட்மேன் லெவி நிறுவினார்.

இன்று மூச்சு, இதயத்துடிப்பு, ரத்த அழுத்தம், ரத்த ஆக்சிஜன் அளவு ஆகியவை ஒருங்கே கண்காணிக்கப்படுகின்றன. அவற்றுடன், வெளிவிடும் மூச்சின் இறுதிப் பகுதியில் உள்ள மருந்தின் செறிவும் திரையில் காட்டப்படுகிறது. சமநிலை ஏற்பட்டபின் அது மூளையில் உள்ள அழுத்தத்தை ஏறத்தாழ எதிரொலிக்கும். அளவு குறைந்தால் அறுவை சிகிச்சை நடக்கும்போதே நோயாளிக்கு உணர்வு திரும்பும் அபாயம் உண்டு. மிகுந்தால் ரத்த அழுத்தம் சரியும்.

வெளியேறுவது எப்படி?

ஆவியாக்கியை மூடியதும் பயணம் எதிர்த்திசையில் தொடங்குகிறது. மூளையிலிருந்து ரத்தத்துக்கும், அங்கிருந்து நுரையீரலுக்கும் மருந்து திரும்புகிறது. குறைவாகக் கரையும் மருந்து விரைவில் வெளியேறும். அதிகம் கரையும் மருந்து நீண்ட அறுவை சிகிச்சையின்போது கொழுப்பிலும் தசையிலும் சேர்ந்துவிடுவதால், தெளிவு தாமதமாகும்.

கல்லீரல் சிதைக்கும் பங்கு டெஸ்ஃப்ளூரேனில் 0.02 விழுக்காடு, ஐசோஃப்ளூரேனில் 0.2, செவோஃப்ளூரேனில் 3 முதல் 5 வரை மட்டுமே. முன்பு பெரிதும் பயன்பட்ட ஹாலோத்தேனில் இது சுமார் 20 விழுக்காடு. அரிதாக அது கடும் கல்லீரல் பாதிப்பை ஏற்படுத்தியதற்கு இச்சிதைவே காரணம்.

நைட்ரஸ் ஆக்சைடு நிறுத்தப்பட்டதும் பெருமளவில் நுரையீரலுக்குத் திரும்பி, அங்குள்ள ஆக்சிஜனை நீர்க்கச் செய்யும். எனவே அந்நிமிடங்களில் நோயாளிக்கு ஆக்சிஜன் தரப்படுகிறது.

மாற்றமின்றி வெளியேறும் மருந்து இறுதியில் வளிமண்டலத்தையே சேர்கிறது. டெஸ்ஃப்ளூரேனின் புவி வெப்பமாக்கும் திறன், 100 ஆண்டுக் கணக்கில், கார்பன் டை ஆக்சைடைப்போல் 2,500 மடங்குக்கும் அதிகம். மருத்துவக் காரணங்களால் தவிர்க்க முடியாத நிலை நீங்கலாக, 2026 ஜனவரி 1 முதல் அதன் பயன்பாட்டுக்கு ஐரோப்பிய ஒன்றியம் தடை விதித்துள்ளது.

நோயாளிகள் கவனிக்க வேண்டியவை

அறுவை சிகிச்சைக்கு முன் திட உணவை குறைந்தது 6 மணி நேரமும், தாய்ப்பாலை 4 மணி நேரமும், தெளிந்த நீரை 2 மணி நேரமும் நிறுத்துவது பொதுவான நெறி. மயக்கத்தில் இரைப்பையின் உணவு நுரையீரலுக்குள் புகுவதை இது தவிர்க்கும். மருத்துவர் வேறு நேரம் கூறினால் அதையே பின்பற்ற வேண்டும்.

குடும்பத்தில் எவருக்கேனும் மயக்க மருந்தின்போது கடும் காய்ச்சலோ தசை இறுக்கமோ எதிர்பாராத மரணமோ நேர்ந்திருந்தால், அதை மயக்கவியல் மருத்துவரிடம் மறைக்காமல் தெரிவிக்க வேண்டும். ஆவி மருந்துகள் தூண்டும், மரபுவழி வரும் அபாயகரமான வெப்ப மிகைப்பு நோயின் அறிகுறியாக அது இருக்கலாம். முன்கூட்டியே தெரிந்தால், ஆவி மருந்துகளை முற்றிலும் தவிர்த்து, நரம்பு வழி மருந்துகளால் மயக்கமளிக்க இயலும்.