டீசல் லாரிக்கு ஏற்ற கூலண்ட்

நீரின் குணமறிந்து தொழில் செய்வோருள் ஆரணி நகரத்துப் பட்டுச் சாயத் தொழிலாளர் குறிப்பிடத்தக்கவர். கச்சாப் பட்டின்மேல் இயற்கையாய் அமைந்த பசையைப் போக்குதற்கு, நூலைச் சவுக்காரமும் சோடாவும் கலந்த நீரிற் காய்ச்சுவர். அந்நீரிற் சுண்ணாம்புச் சத்து மிக்கிருப்பின், சவுக்காரம் நுரையாது திரிந்து நூலின்மேற் படியும். பட்டின் ஒளி மங்கும். சாயமும் சீராகப் பற்றாது. ஆதலின், சாயத்தைத் தேர்வதற்கு முன்னர் நீரைத் தேர்தல் வேண்டும்.

இத்தகைய விழிப்பு, அந்நகரத்துச் சேலைகளையும் அரிசியையும் வெளியூர்களுக்குச் சுமந்து செல்லும் டீசல் லாரிகளுக்கும் வேண்டற்பாலது. தமிழ் பயிலும் மாணவனுக்கு லாரியைப் பற்றிய ஆராய்ச்சி எற்றுக்கு எனச் சிலர் நகைக்கலாம். கடன்பட்டு வாங்கிய லாரி ஒன்றே ஒரு குடும்பத்தின் விளைநிலமாய் இருத்தலை நாம் எங்கும் காண்கின்றோம். அதன் எஞ்சின் கெடாது காக்கும் அறிவு எவர்க்கும் இழிவு தருவதன்று.

டீசல் எரிதலாற் பிறக்கும் வெப்பம் முழுவதும் வண்டியை ஓட்டப் பயன்படுவதில்லை. ஒரு பங்கே உழைப்பாக மாறுகின்றது; மற்றொரு பெரும்பங்கு புகையோடு போகின்றது; எஞ்சியதிற் பெரும்பகுதியை எஞ்சினுள் ஓடும் நீர் ஏற்று, ரேடியேட்டரிற் காற்றுக்குக் கொடுக்கின்றது. வெப்பத்தை ஏற்பதில் தண்ணீருக்கு நிகரான பொருள் அரிது. அங்ஙனமாயின், கிணற்று நீரே போதாதோ எனின், போதாது. என்னை? கிணற்று நீரிற் கரைந்துள்ள சுண்ணாம்புச் சத்து, சூடேறிய உலோகத்தின்மேற் காரையாய்ப் படியும். வெந்நீர்ப் பானையின் உட்புறத்தே நாம் காணும் வெண்படிவு அதுவே. மெல்லிய காரையும் வெப்பம் வெளியேறுதலைத் தடுக்கும். அன்றியும், நீரிலுள்ள உப்புக்கள் இரும்பையும் அலுமினியத்தையும் அரிக்கும்.

இன்னுமொன்று. கடல் மட்டத்தில் 100 டிகிரி சென்டிகிரேடிற் கொதிக்கும் தண்ணீர், ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்திலுள்ள பெங்களூரில் 97 டிகிரி அளவிலேயே கொதித்துவிடும். ஆரணியினின்று வேலூர், கிருஷ்ணகிரி வழியாகப் பாரஞ்சுமந்து மேட்டு நிலம் ஏறும் லாரிக்கு, எஞ்சின் மிக உழைக்குமிடத்தே நீரின் கொதிநிலை தாழ்கின்றது. ரேடியேட்டர் மூடி உள்ளழுத்தத்தைக் காத்துக் கொதிநிலையை உயர்த்தும். மூடி பழுதுற்றால் அக்காப்பும் நீங்கும்.

இக்குறைகளை நீக்கவே கூலண்ட் அமைந்தது. தூய நீர், எத்திலீன் கிளைகால், அரிப்பைத் தடுக்கும் மருந்துகள் என்னும் மூன்றும் சேர்ந்ததே அது. நீரும் கிளைகாலும் சரிபாதியாய்க் கலந்தால், அக்கலவை ஏறத்தாழ 108 டிகிரியிற் கொதிக்கும். பூச்சியத்திற்குக் கீழ் 37 டிகிரி வரை உறையாது. ஆயினும், கிளைகால் மிகுந்தால் வெப்பத்தை ஏற்கும் ஆற்றல் குறையும். நீர் உறையாத நம் சமவெளியில், நீரின் தூய்மையையும் அரிப்புத் தடுக்கும் மருந்தின் தகுதியையுமே முதற்கண் ஆராய்தல் வேண்டும்.

டீசல் எஞ்சினுக்கு உரிய நோய் ஒன்றுண்டு. கனரக எஞ்சின்கள் பலவற்றில், சிலிண்டர் லைனரின் வெளிப்புறத்தைக் கூலண்ட் நேரே தொட்டு ஓடும். டீசல் வெடித்தெரியுந்தோறும் லைனர் அதிரும். அவ்வதிர்ச்சியால் நுண்ணிய ஆவிக்குமிழ்கள் தோன்றி உடனே நொறுங்கும். எண்ணிறந்த அச்சிறு தாக்குதல்கள் இரும்பைக் குழித்து, நாளடைவில் லைனரைத் துளைத்தும் விடும். நைட்ரைட், மாலிப்டேட் போன்ற மருந்துகளும், சிலவகைக் கரிம அமிலங்களும் லைனரின்மேல் மெல்லிய காப்புப் படலம் அமைத்து இதனைத் தடுக்கும். மோட்டார்க் காருக்கென ஆக்கிய கூலண்டில் இக்காப்பு இல்லாதிருக்கலாம். ஆதலின், கார் கூலண்ட் மலிவாய்க் கிடைப்பினும் லாரிக்கு ஆகுமென்று துணிதல் தகாது.

நிற்க. கடைகளிற் பச்சை, சிவப்பு, நீலம் எனப் பல நிறக் கூலண்டுகளைக் காண்கின்றோம். நிறம் என்பது செய்தோர் கலந்த சாயமே. அதற்கு எங்கும் ஒத்த விதியில்லை. ஒரே நிறமுடைய இரண்டு, உள்ளே வேறுவேறு மருந்துகளைக் கொண்டிருக்கலாம். ஒவ்வாதவற்றைக் கலந்தால் மருந்தின் ஆற்றல் கெடும். சிலபோது கலவை கூழாய்த் திரிந்து ரேடியேட்டரின் நுண்குழாய்களை அடைக்கும். ஒரே சாயம் நல்ல பட்டிலும் போலிப் பட்டிலும் ஏறும் என்பதறிந்த ஆரணி மக்களுக்கு இதனை விரித்துரைத்தல் மிகை.

ஆகவே, வாங்குவோர் முதலில் எஞ்சின் செய்தோர் தந்த கையேட்டைப் பார்க்க. பின்னர், கலத்தின்மேல் ஐ.எஸ். 5759 என்னும் இந்தியத் தர எண்ணோ, கனரக எஞ்சினுக்குரிய ஏ.எஸ்.டி.எம். டி 6210 என்னும் எண்ணோ, கையேடு குறிப்பது எதுவோ, அஃது உளதா என நோக்குக. செறிவான கூலண்டாயின், வடித்த நீரையே அளந்து கலக்க. கலந்து விற்பதாயின் நீர் சேர்க்கற்க. மருந்துகள் நாளடைவிற் கரைந்து தீருமாதலின், குறித்த காலத்தில் மாற்றுக. சூடான எஞ்சினில் ரேடியேட்டர் மூடியைத் திறவற்க. சீறிவரும் ஆவி உடலை வேகச் செய்யும். கிளைகால் இனிக்கும் நஞ்சாதலின், குழந்தைகளுக்கும் கால்நடைகளுக்கும் எட்டாதபடி வைக்க.

சில நூறு ரூபாயை மிச்சம் பிடிக்கப் போய், ஒரு குடும்பத்தின் பல்லாண்டு உழைப்பை வழியிலே இழக்க நேரலாம். கலத்தின் நிறத்தைக் காண்பதோடு அமையாது, அதன்மேல் எழுதியிருப்பதைப் படித்துணர்ந்து வாங்குதல் நம்மவர்க்கு வழக்கமாகுக.