தொட்டியைத் திருப்பாதீர்கள்

மாடித்தோட்டக்காரர்களுக்குப் பழகிப்போன வழி, குழித்தட்டில் விதை போட்டு, நாலு இலை விட்டதும் நாற்றைப் பெயர்த்து நடுவது. தக்காளிக்கும் கத்தரிக்கும் அது சரி. சூரியகாந்திக்கு ஒத்துவராது. முளைத்த சில நாட்களிலேயே அது ஆணிவேரை இறக்கிவிடும்; பெயர்க்கையில் அந்த வேர் அடிபட்டால் செடி குன்றிப்போகும். பூக்கப்போகும் தொட்டியிலேயே, ஓர் அங்குல ஆழத்தில் விதையை ஊன்றுவதுதான் நல்லது. குட்டை ரகத்துக்கு ஓரடி ஆழத் தொட்டி போதும். அணில் விட்டுவைக்குமா என்பது நியாயமான கேள்வி. ஆனால் அதற்கு மருந்து நாற்று வளர்ப்பது அல்ல, வலை. தொட்டிக்கு மூன்று விதை ஊன்றி, முளைகள் தேறும்வரை மூடி வையுங்கள். பிறகு வலுத்த ஒன்றை விட்டுவிட்டு மற்றவற்றைக் கத்தரித்துவிடலாம். பிடுங்கினால் பக்கத்து வேரும் அசையும்.

நட்ட பிறகும் கை சும்மா இருப்பதில்லை. எல்லாப் பக்கமும் வெயில் படட்டுமே என்று தொட்டியைத் திருப்பி வைக்கிறோம். ஒரு பக்கமாகச் சாயும் மற்றச் செடிகளுக்கு அது உதவும்தான். சூரியகாந்தியோ அந்த வேலையைத் தானே செய்துகொள்கிறது. பகலில் தண்டின் கிழக்குப் பக்கம் கூடுதலாக வளர்வதால் நுனி மேற்கே சாய்கிறது. இரவில் மேற்குப் பக்கம் வளர்ந்து, விடிவதற்குள் மறுபடி கிழக்கே திரும்பிவிடுகிறது. கலிபோர்னிய ஆய்வாளர்கள் 2016இல் 'சயின்ஸ்' இதழில் எழுதிய கட்டுரையின்படி, விடியும்போது மேற்கைப் பார்க்கும்படி திருப்பி வைக்கப்பட்ட செடிகளுக்கு எடையும் இலைப்பரப்பும் குறைந்தன. நம் அக்கறை செடிக்கு இடைஞ்சல்தான்.

விரிந்த பூ நாள் முழுக்கச் சூரியனோடு சுற்றும் என்பது பலருடைய நம்பிக்கை. சுற்றுவது இளஞ்செடி மட்டுமே. முதிர்ந்த பூ கிழக்கு நோக்கி நின்றுவிடும். அதிலும் லாபம் உண்டு: காலை வெயிலில் சீக்கிரம் சூடேறும் கிழக்குப் பார்த்த பூக்களுக்கு, மேற்கே திருப்பப்பட்டவற்றைவிட ஐந்து மடங்கு பூச்சிகள் வந்ததாக அதே ஆய்வு சொல்கிறது. ஆகவே விதை ஊன்றும் நாளிலேயே இடத்தை முடிவு செய்யுங்கள். கிழக்குக் கைப்பிடிச்சுவர் ஓரம் வைத்தால், பூ தெருவைப் பார்க்கும், உங்களுக்கு முதுகுதான். மேற்குச் சுவரோரம் வைத்தால் மாடிக்கு வருகிறவர்களைப் பார்த்து நிற்கும்.