மழைக்கு ஒரு பகடை, கயிற்றுக்கு ஒரு பகடை

மழை ஓய்ந்த இரவு. பாசி படிந்த கோட்டை மதிலில் ஒரு திருடன் ஏறப் பார்க்கிறான். முன்பே மேலே போய்விட்ட தோழி அவனுக்காக ஒரு கயிற்றைத் தொங்கவிட்டிருக்கிறாள். ஏறிவிடுவானா, விழுவானா? ரோல்பிளேயிங் கேம்களில் இதற்குப் பதில் சொல்வது பகடை. நாலைந்து பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசிக் கதையை நகர்த்துவார்கள். கேம் மாஸ்டர் என்பவர் அதை நடத்துவார். 1974இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் உருவாக்கி வெளிவந்த ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’தான் இந்த வகை ஆட்டங்களுக்கு மூத்தது. திருடனின் திறமை அவனுடைய தாளில் எண்ணாக எழுதியிருக்கிறது. பாசியும் கயிறும் எந்தத் தாளிலும் இல்லை. அவை அந்தக் காட்சியில் முளைத்தவை. அவற்றுக்கும் பகடையில் ஓர் இடம் வேண்டும், அது தனி இடமாக இருக்க வேண்டும் என்பதே என் கட்சி.

2000இல் வந்த அதே ஆட்டத்தின் மூன்றாம் பதிப்பு எளிய வழி ஒன்றைச் சொன்னது: சூழ்நிலை சாதகமானால் இரண்டைக் கூட்டு, பாதகமானால் இரண்டைக் கழி. இருபது பக்கப் பகடையில் ஒவ்வொரு எண்ணுக்கும் 5 சதவீத வாய்ப்பு என்பதால், இரண்டு என்றால் 10 சதவீதம். கணக்கு சுத்தம். ஆனால் பாசிக்கு இரண்டு போய், கயிற்றுக்கு இரண்டு வந்தால் மிச்சம் பூஜ்யம். வறண்ட மதிலில் கயிறே இல்லாமல் ஏறுகிறவனுக்கும் இவனுக்கும் வித்தியாசமே இல்லாமல் போகிறது. உருட்டுவதற்கு முன்பே காட்சி கரைந்துவிடுகிறது.

2014இல் வந்த ஐந்தாம் பதிப்பு, சாதகமான நிலையில் இருபது பக்கப் பகடையை இருமுறை உருட்டிப் பெரியதை எடுத்துக்கொள்ளச் சொன்னது, பாதகமென்றால் சிறியதை. இதில் நுட்பமான ஒரு நியாயம் இருக்கிறது. 11 அல்லது அதற்கு மேல் விழுந்தால் போதும் என்பவனுக்கு வாய்ப்பு 50இலிருந்து 75 சதவீதமாகிறது. 20 விழுந்தே ஆகவேண்டும் என்பவனுக்கோ 5இலிருந்து 9.75 சதவீதம் மட்டும்தான். கயிறு, முடியாததை எளிதாக்குவதில்லை. முடியுமோ முடியாதோ என்று ஊசலாடுகிறவனைத்தான் தூக்கிவிடுகிறது. ஆனால் இங்கும் எத்தனை சாதகம் சேர்ந்தாலும் ஒன்றாகவே எண்ணப்படும். ஒரே ஒரு பாதகம் வந்தால் அத்தனையும் அடிபடும். மறு ஆண்டு ராபர்ட் ஷ்வால்ப் எழுதிய ‘ஷேடோ ஆஃப் தி டீமன் லார்ட்’ ஒவ்வொரு சாதகத்துக்கும் ஓர் ஆறு பக்கப் பகடையைச் சேர்த்து, அவற்றில் பெரியதை மட்டும் கூட்டச் சொன்னது. ஒன்று இருந்தால் சராசரி 3.5, இரண்டென்றால் ஏறக்குறைய 4.47, மூன்றென்றால் 4.96. முதல் உதவிதான் பெரியது, அடுத்தடுத்தவை சிறுத்துக்கொண்டே போகும். நல்ல யோசனை. ஆனால் சாதகமும் பாதகமும் ஒன்றுக்கொன்று முன்கூட்டியே கழிந்துபோகும் குறை இதிலும் தீரவில்லை.

அந்தக் குறை இல்லாத ஆட்டம் இவற்றுக்கு முன்பே, 2013இல் வந்த ‘ஸ்டார் வார்ஸ்: எட்ஜ் ஆஃப் தி எம்பயர்’. கயிற்றுக்கு ஒரு நீலப் பகடை, பாசிக்கு ஒரு கறுப்புப் பகடை. இரண்டும் திறமைப் பகடைகளோடு சேர்ந்தே உருளும். முகங்களில் எண்கள் கிடையாது, குறிகள்தான். கறுப்பில் இரண்டு முகங்கள் வெற்று, இரண்டு தோல்விக்குறி, மற்ற இரண்டு தொல்லைக்குறி. குறிகள் ஒன்றையொன்று அடித்துக்கொள்வதும் உண்டு, ஆனால் எல்லோரும் பார்க்க, உருண்டு முடிந்த பிறகு. கறுப்பு வெற்றுமுகம் காட்டினால் பாசி இருந்தும் கால் வழுக்கவில்லை. நீலத்தில் வெற்றிக்குறி இல்லாமல் அனுகூலக்குறி மட்டும் விழலாம்: ஏற முடியவில்லை, ஆனால் கயிற்றில் தொங்கியபடியே காவலாளி தூங்குவதைப் பார்த்துவிட்டான். கூட்டல் கழித்தலில் இப்படி ஒரு கதை பிறக்காது.

இருக்கிற கயிறு எப்போதும் உதவத்தானே வேண்டும், அதையும் ஏன் அதிர்ஷ்டத்திடம் விடுவது என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஐந்தாம் பதிப்பே, பாதி உடல் சுவருக்குப் பின்னால் மறைந்தால் பாதுகாப்புக்கு 2, முக்கால்வாசி மறைந்தால் 5 என்று நிலையான எண்ணை வைத்துக்கொண்டது. அளந்து சொல்லக்கூடியதற்கு எண் போதும். மழை, இருட்டு, பதற்றம் போன்றவற்றை யார் அளப்பது? அவை சில நேரம் கெடுக்கும், சில நேரம் சும்மா விடும். வெற்றுமுகம் உள்ள பகடை அதை உள்ளபடி காட்டுகிறது. இன்னொரு புகார், ஆட்டக்காரர்கள் நீலப் பகடை கேட்டு நச்சரிப்பார்கள் என்பது. கேட்கட்டும். “மதிலில் கல் பெயர்ந்த இடம் இருக்குமே, அங்கே கால் வைக்கிறேன்” என்று சொல்லித்தான் கேட்க முடியும். அப்படிச் சொன்னதும், அதுவரை வெறும் மதிலாக இருந்ததில் பெயர்ந்த கல்லொன்று எல்லோர் கண்ணுக்கும் தெரிகிறது.