ஐம்பத்தைந்து எதிரிகளைப் படைத்தவர்

ஜொகூர் பாருவின் பேரங்காடிகளில் வார இறுதி மாலையில் விளையாட்டு மையத்துப் பக்கம் போனால், கார்ப் பந்தய இயந்திரங்களில் இளவட்டங்கள் மல்லுக்கட்டிக்கொண்டிருப்பார்கள். ஒரு கை ஸ்டியரிங்கில், மறு கை கியரில், கால் ஆக்சிலரேட்டரில். இந்த மூன்றையும் வைத்து ‘ஸ்பீட் ரேஸ்’ என்ற பந்தய இயந்திரத்தை ஜப்பானின் தைத்தோ நிறுவனம் 1974-லேயே சந்தைக்குக் கொண்டுவந்துவிட்டது. அதை உருவாக்கியவர் தொமொஹிரோ நிஷிகாடோ. அவர் பெயரைச் சொன்னால் பலரும் உதட்டைப் பிதுக்குவார்கள். ‘ஸ்பேஸ் இன்வேடர்ஸ்’ என்றால் மட்டும் நடுத்தர வயதுக்காரர்களின் முகம் மலர்ந்துவிடும். அதுவும் அவருடையதுதான்.

நிஷிகாடோ 1944-இல் ஒசாகா வட்டாரத்தில் பிறந்தார். டோக்கியோ டென்கி பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்துவிட்டு, 1968-இல் தைத்தோவின் துணை நிறுவனம் ஒன்றில் சேர்ந்தார். நிரல் எழுதும் வேலை என்ற ஒன்றே அப்போது அங்கே கிடையாது. அவர் 1971-இல் செய்த ‘ஸ்கை ஃபைட்டர்’, பொம்மை விமானங்களின் பிம்பத்தைக் கண்ணாடிகள் வழியே காட்டிய இயந்திரம். அமெரிக்காவிலிருந்து ‘பாங்’ என்ற வீடியோ விளையாட்டு வந்து சேர்ந்ததும் அதன் சர்க்யூட் பலகையைத் துருவித் துருவிப் படித்தார். 1973-இல் தைத்தோவின் சொந்த வீடியோ விளையாட்டுகள் அவர் கையால் வெளிவரத் தொடங்கின.

அவருடைய பாதையை மாற்றியது 1975-இல் வந்த ‘வெஸ்டர்ன் கன்’. அதன் உரிமத்தை வாங்கிய அமெரிக்க நிறுவனமான மிட்வே, உள்ளே மைக்ரோபிராசசரை வைத்து விளையாட்டையே புதிதாக்கியது. தன் விளையாட்டுதான் சுவையானது என்பது நிஷிகாடோவின் எண்ணம். ஆனாலும் திரையில் உருவங்கள் வழுக்கிக்கொண்டு நகர்ந்த அழகு அவரை உலுக்கிவிட்டது. இன்டெல் 8080 சில்லைக் கற்றார், அதற்கான கருவிகளைத் தானே செய்துகொண்டார், ‘ஸ்பேஸ் இன்வேடர்ஸ்’ விளையாட்டுக்காக ஏறத்தாழ ஓராண்டு உழைத்தார். வடிவமைப்பு, சர்க்யூட், நிரல், ஓவியம் என்று முக்கால்வாசி வேலை அவர் ஒருவர் தலையில்தான்.

எதிரிகளாக மனிதர்களைப் போட நிறுவனம் சம்மதிக்கவில்லை. சிறுவயதில் அறிந்திருந்த ‘வார் ஆஃப் தி வேர்ல்ட்ஸ்’ கதையின் வேற்றுகிரகவாசிகள் நினைவுக்கு வர, கீழே ஆக்டோபஸ், நடுவில் நண்டு, மேலே கணவாய் என்று ஐந்து வரிசைகளில் 55 உருவங்களை நிறுத்தினார். நம்ம ஊர் மீன் சந்தையையே விண்வெளிக்கு ஏற்றிவிட்டது போலத்தான் இருக்கிறது!

இந்த விளையாட்டின் உயிர் அதன் வேகத்தில் இருக்கிறது. திரை ஒரு வினாடிக்குச் சுமார் 60 முறை புதுப்பிக்கப்படும். ஒவ்வொரு முறையும் ஓர் எதிரியை மட்டுமே நகர்த்தும் அளவுக்குத்தான் அந்தச் சில்லுக்குத் தெம்பு. ஆக, 55 பேரும் ஓர் அடி எடுத்துவைக்க ஏறக்குறைய ஒரு வினாடி ஆகிவிடும். பாதிப் பேரைச் சுட்டுவிட்டால் அரை வினாடி போதும். கடைசியில் மிஞ்சுகிறவன் மின்னலாய்ப் பாய்வான். சில்லின் பலவீனத்தால் தானாக வந்த விளைவு இது. நிஷிகாடோ அதைத் திருத்த முனையவில்லை, அப்படியே விட்டுவிட்டார். என்னைக் கேட்டால், அவர் எழுதிய எந்த நிரலையும்விட இந்த முடிவுதான் பெரிது. கூடவே நான்கு சுரங்களில் துடிக்கும் அந்தத் தாளமும் வேகமெடுக்க, ஆடுபவரின் உள்ளங்கை வியர்த்துப்போகும்.

1978-இல் வெளியானபோது நிறுவனத்துக்குள்ளேயே பெரிய வரவேற்பு இல்லை. ஆனால் ஆடியவர்கள் விடவில்லை. காப்பிக் கடைகளில் மேசைகளை எடுத்துவிட்டு இயந்திரங்களைப் போட்டார்கள். ஜப்பானில் 100 யென் நாணயத்துக்கே தட்டுப்பாடு வந்துவிட்டது என்று இன்றும் எழுதுகிறார்கள். அது கட்டுக்கதை. பெட்டியில் விழுந்த காசு வங்கி வழியாக மறுபடி கடைத்தெருவுக்குத்தானே வரும்? 1980-இல் அமெரிக்காவின் அட்டாரி நிறுவனம் இந்த விளையாட்டை வீட்டுத் தொலைக்காட்சிக்குக் கொண்டுவந்து தன் விற்பனையைப் பன்மடங்காக்கியது.

இவ்வளவுக்கும் நடுவில் நிஷிகாடோவின் பெயர் வெளியே வரவே இல்லை. நல்ல கைகளைப் போட்டியாளர் கொத்திக்கொண்டு போய்விடுவார்களோ என்ற பயத்தில், அந்நாளைய ஜப்பானிய நிறுவனங்கள் உருவாக்கியவர்களை மறைத்தே வைத்தன. ‘பேக்-மேன்’ விளையாட்டின் வடிவமைப்பாளர் தோரு இவாதானியைப் பின்னாளில் உலகம் கொண்டாடியது; அதற்கு நிரல் எழுதிய ஷிகேயோ ஃபுனாகியைத் தெரிந்தவர்கள் சொற்பம்.

நிஷிகாடோவுக்குக் கிடைத்தது பதவி உயர்வு. மேற்பார்வை வேலை கூடக் கூட நிரல் கையைவிட்டு நழுவியது. கைத்தொழில் தெரிந்தவரை நாற்காலியில் உட்காரவைத்து வீணடிக்கும் வழக்கம் நம் அலுவலகங்களுக்கு மட்டும் உரியதல்ல போலும். 1996-இல் தைத்தோவை விட்டு விலகி ‘டிரீம்ஸ்’ என்ற சொந்த நிறுவனத்தைத் தொடங்கினார். பிறகு ஆலோசகராகப் பழைய நிறுவனத்துக்கே திரும்பினார். தன் விளையாட்டில் தான் அவ்வளவு கெட்டிக்காரர் இல்லை என்றும் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்.

ஜொகூர் பிள்ளைகளுக்கு இந்தத் தொழில் இன்று எட்டாத தூரத்தில் இல்லை. ஸ்குடாயில் மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் கணினித் துறையை நடத்துகிறது. ‘பேக்-மேன்’ குடும்பத்தைச் சேர்ந்த பண்டாய் நாம்கோவுக்குக் கோலாலம்பூரில் ஸ்டூடியோ இருக்கிறது. இன்று நிரல் எழுதுபவரே படம் வரையவோ பலகையில் ஈயம் பற்றவைக்கவோ வேண்டியதில்லை. அதற்கெல்லாம் தனித்தனி ஆட்கள் உண்டு. விளையாட்டின் முடிவில் உழைத்தவர்களின் பெயரும் திரையில் ஓடும்.