சில எலும்புகளும் சில வரிகளும்

இன்று உலகில் எங்குமே இல்லாத ஒரு பறவையைப் பற்றி நாம் சிறிது சிந்திப்போம். அதன் இறகோ தோலோ எந்தப் பொருட்காட்சிச் சாலையிலும் இல்லை. எனினும் அது வாழ்ந்ததை நாம் உறுதியாக அறிவோம். எவ்வாறு அறிந்தோம் என்பதே நாம் சொல்ல வந்த செய்தி.

மடகாஸ்கருக்குக் கிழக்கே, இந்துமகா சமுத்திரத்தில் உள்ளது மொரிசியஸ் தீவு. 1598-இல் டச்சு மாலுமிகள் அங்கு இறங்கினர்; 1638-இல் குடியேறினர். 1668-இல் இந்தியாவுக்கு வரும் வழியில் அத்தீவைக் கண்ட ஜான் மார்ஷல் என்னும் ஆங்கிலேயர், அங்கே காட்டு வாத்துகள் மலிந்திருந்தன என்றும், அவை சிறியவையாயினும் கொழுத்தவை என்றும் குறித்தார். சிறகில் நுனிப்புறப் பாதி கறுப்பு, மறுபாதி வெள்ளை என்பதும் அவர் தந்த செய்தியே. அப்பறவையின் நிறத்தை நாம் அறிவது இத்தகைய குறிப்பினால்தான்.

அதற்குப் பின் முப்பது ஆண்டுகள்கூட அவ்வினம் நிலைக்கவில்லை. 1693-இல் அவை அருகிவிட்டன என்று லெகா என்னும் பிரெஞ்சுப் பயணி எழுதினார். 1698-இல் அவை அற்றுப்போயின என்று தீவின் ஆளுநரே அறிவித்தார். உணவுக்காக மனிதர் வேட்டையாடினர். அவர்களோடு வந்த எலியும் பன்றியும் குரங்கும் தீவுப் பறவைகளின் முட்டைகளையும் குஞ்சுகளையும் அழித்தன.

பின்னர் 1865-இல், மார் ஓ சோஞ் என்னும் சதுப்பு நிலத்தில் டோடோ பறவையின் எலும்புகளை ஜார்ஜ் கிளார்க் என்னும் பள்ளி ஆசிரியர் தேடினார். கூலியாட்கள் இடுப்பளவு நீரில் இறங்கி, கலங்கிய சேற்றைக் காலால் துழாவியே எலும்புகளைக் கண்டெடுத்தனர். அந்நாளில் அத்தீவின் தோட்டங்களில் உழைத்தோருள் பெரும்பாலோர் இந்தியாவிலிருந்து ஒப்பந்தத்தின் பேரில் சென்றவர்கள். அதே சதுப்பில் 1889-இல் தியோடோர் சோசியே மீண்டும் அகழ்ந்தார். அவர் திரட்டிய எலும்புகளுள் சில, ஒரு வாத்தினுடையவை என நியூட்டன், காடோ என்னும் இரு அறிஞர் 1893-இல் நிறுவினர். ஆப்பிரிக்காவில் இன்றும் வாழும் எகிப்திய வாத்துக்கு அது நெருங்கிய உறவு என்பதும் புலனாயிற்று.

மலிந்து கிடந்த காலத்தில் அதை உண்டவர் பலர். எழுதி வைத்தவர் சிலர். எண்ணிக்கை மிகுதியாய் இருப்பது என்றும் இருக்கும் என எண்ணுவது மனித இயல்பு. இக்குளிர்காலத்தில் நாம் வாழும் ஊரின் ஏரியிலும் வாத்துக் கூட்டங்கள் வந்திறங்கலாம். அவற்றை நம் பிள்ளைகளுக்குக் காட்டுவோம். வந்த நாளையும் எண்ணிக்கையையும் ஓர் ஏட்டில் குறித்து வைப்போம். பிற்காலத்தவர் சேற்றில் தேட வேண்டிய நிலை வராதிருக்கட்டும்.