மாறிப் பிடித்த கைகள்

இலக்கியம் முந்தியது, இலக்கணம் பிந்தியது என்பது நம் புலவர்கள் என்றோ தீர்த்துவைத்த வழக்கு. விளையாட்டுலகிலோ அவ்வழக்கு இன்னும் முடிந்தபாடில்லை. கொல்ஃப் ஆட்டத்தை எடுத்துக்கொள்வோம். கால் ஊன்றும் அகலம், கோலைப் பற்றும் விரல்களின் அமைதி, தோள் திரும்பும் அளவு என்று அதற்கு நூல்கள் பல உள. அந்நூல்வழி நின்றோர்தாம் சிறக்க இயலுமோ?

நீர்வேலி வாழைத் தோட்டங்களுக்கு நடுவே வாழும் எனக்குக் கொல்ஃப் திடலோடு என்ன உறவு என்று நண்பர்கள் நகைப்பர். நகைக்கட்டும். என் அயலிலே செம்மண்ணைக் கொத்திப் பாத்தி கட்டுவோரை நாடோறும் காண்கிறேன். ஒருவர் மண்வெட்டிப் பிடியிலே வலக்கையை முன்வைப்பார், மற்றவர் இடக்கையை. ஒருவரை ஒருவர் திருத்துவதில்லை. வாய்க்காலில் நீர் தடையின்றி ஓடுகிறதா என்பதையே நோக்குவர்.

அவர்களைக் காணுந்தோறும் பப்வா செவ்கோலம் என் நினைவுக்கு வருவார். தென்னாபிரிக்காவின் டேர்பன் நகரில் இந்திய வம்சாவழியிலே தோன்றியவர்; எழுதப் படிக்க அறியாதவர்; பிறர் ஆடும் கோல்களைச் சுமந்து பிழைத்தவர். வலக்கை ஆட்டக்காரர் கோலைப் பற்றும்போது வலக்கையைக் கீழே வைத்தல் மரபு. செவ்கோலமோ அப்பக்கமே நின்று இடக்கையைக் கீழே வைத்தார். எந்த ஆசிரியரும் முதல் நாளிலேயே திருத்த முனையும் பிடி அது! அப்பிடியோடேதான் 1959 ஆம் ஆண்டில் ஒல்லாந்து சென்று அந்நாட்டுப் பகிரங்கப் போட்டியை வென்றார். 1960 இலும் 1964 இலும் மீண்டும் வென்றார்.

இதில் மாயம் யாதுமில்லை. கோலின் முகம் பந்தைத் தொட்டிருக்கும் நேரம் ஒரு விநாடியின் ஈராயிரத்தில் ஒரு பங்களவே. அக்கணத்தில் கோல்முகம் எத்திசை நோக்குகிறது, எவ்வழியே என்ன வேகத்தில் வருகிறது, பந்தின் எவ்விடத்திற் படுகிறது என்பனவே பந்தின் போக்கைத் தீர்மானிக்கின்றன. ஆடுபவன் எந்நூலைக் கற்றான் என்று பந்து வினவுவதில்லை. ஆயினும், அந்த ஒரு கணத்தை ஆயிரம் முறையும் ஒன்றுபோல் வருவித்தல் வேண்டுமே! அதற்கு இடைவிடாத பழக்கம் வேண்டும். புதியவர்க்கு அப்பழக்கத்தை நூல் எளிதாக்குகிறது என்பதை நான் மறுக்கவில்லை. பழக்கம் கைகூடிய ஒருவனைப் பிடித்து நூலுக்கேற்ப வளைப்பதையே மறுக்கிறேன்.

நம் நாட்டு முத்தையா முரளிதரன் கதையையும் இதனோடு சேர்த்துப் பேசுவோர் உளர். பிறவியிலேயே முற்றாக நீளாத முழங்கை அவருடையது. 1995 டிசெம்பரில் மெல்பேண் நகரிலே, அவர் பந்தை எறிகிறார் என்று நடுவர் தடுத்தார். பின்னர் ஆய்வுகள் நிகழ்ந்து, 15 பாகை வரை முழங்கை நீளலாம் என எல்லாப் பந்துவீச்சாளர்க்கும் விதி வகுக்கப்பட்டது. 2010 இல் 800 விக்கெட்டுகளோடு டெஸ்ட் ஆட்டத்திலிருந்து அவர் விடைபெற்றார். ஆனால் அங்கே எழுந்தது விதியைப் பற்றிய வழக்கு. செவ்கோலத்தின் பிடியை ஆட்ட விதி எதுவும் தடுக்கவில்லை.

அவரைத் தடுத்தது வேறொரு சட்டம். 1963 இல் நேற்றால் பகிரங்கப் போட்டியை வென்றபோது, வெள்ளையர் சங்கக் கட்டடத்தினுள்ளே இருக்க, அவர் வெளியே மழையில் நின்று பரிசு பெற்றார். 1965 இல் அதே போட்டியில் புகழ்பெற்ற கேரி பிளேயரையே பின்தள்ளி வென்றார். அதன் பின்னர் வெள்ளையர் ஆடும் போட்டிகளில் அவருக்கு அனுமதி மறுக்கப்பட்டது. வளமான ஆண்டுகள் அவ்வாறே கழிந்தன. 1978 இல் அவர் காலமானார். இன்று டேர்பனில் ஒரு கொல்ஃப் திடல் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.